பெயரற்றோரும் பெயரிடுவோரும்: எண்ணிம மரபுரிமைத் தொகுப்புகளில் ஓர் அறப் பிரச்சினை

தெல்தோட்டைப் பகுதியில் அமைந்த லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், 1892ஆம் ஆண்டில் அத்தோட்டத்திலேயே காலமானார். கண்டி நகரின் மஹய்யாவ மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவரது உடலைத் தோட்டத் தொழிலாளர் தோளிற் சுமந்து மலைப்பாதை வழியே கண்டிக்குக் கொண்டுவந்தனர் எனத் தேயிலைத் தொழிலின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். டெயிலர் தாயகத்திலிருந்த தம் குடும்பத்தினருக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் இன்று பேணப்படுகின்றன. கல்லறையில் அவரது பெயர் உண்டு. கடிதங்களில் அவரது குரல் உண்டு. அவரைச் சுமந்து வந்தோரோ அவ்வரலாறுகளில் ஒரு தொகையினராக மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, தாம் சுமந்து சென்ற மனிதரைப் பற்றிய கருத்தும் இருந்திருக்கும்.

இவ்வேறுபாடு ஒரு தோட்டத்துக்கோ ஒரு மனிதருக்கோ மட்டும் உரியதன்று. பழைய ஆவணங்கள், படங்கள், பொருள்கள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றி, எங்கிருப்போரும் காணத்தக்கவாறு திரட்டிவைக்கும் முயற்சி கடந்த கால் நூற்றாண்டில் பெருவளர்ச்சி கண்டுள்ளது. இத்தகைய தொகுப்புகளில் பல்வேறு மக்கட் பிரிவினரின் நோக்குகளும் இடம்பெறவேண்டும் என்பது இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்படும் கருத்தாகும். ஆயின், இடம்பெறுதல் என்பதன் பொருள் யாது? எழுதியோரின் ஆவணங்களுக்கு அருகே எழுதாதோரின் நினைவுகளையும் சேர்த்துவைத்துவிட்டால் நீதி நிறைவேறிவிடுமா? அன்றி, தொகுப்போரிடம் அதற்கும் மேலான ஒரு கடமை எதிர்பார்க்கப்படுகின்றதா? கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவை நோக்குவது பயனுடையது. இந்தியக் கிராமங்களில் வாழ்ந்த ஏழை மக்கள் இம்மலைநாட்டைக் 'கண்டிச் சீமை' என்றே அறிந்திருந்தனர். அவர்கள் இட்ட அப்பெயர் பேச்சிலும் பாட்டிலும் வாழ்ந்தது. ஆட்சியாளரின் பதிவேடுகளிலோ வேறு பெயர்கள் வழங்கின.

எண்ணிமத் தொகுப்பின் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுதல் தவறாகும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு அரிய ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. ஒரு கட்டடத்தில் ஒரே பிரதியாக வைக்கப்படும் அறிவு எத்துணை எளிதில் அழிக்கப்படலாம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 2005ஆம் ஆண்டில் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் ஆகியவற்றைப் பல்லாயிரக்கணக்கில் மின்னுருவாக்கி, எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்துள்ளது. மலையகத்தில் வெளிவந்து மறைந்த சிறு சஞ்சிகையொன்றைத் தேடும் மாணவர், அதன் பிரதியை வைத்திருப்பவர் யாரென வீடு வீடாக விசாரித்துத் திரியவேண்டிய நிலை இதனாற் குறைந்துள்ளது. அழிவிலிருந்து காத்தல், அணுகும் வாய்ப்பைப் பரவலாக்குதல் ஆகிய இரண்டும் அறத்தின்பாற்பட்ட செயல்களே என்பதில் ஐயமில்லை.

எனினும், ஒரு பொருளைப் பிரதிசெய்யும்போது அதனைப் பற்றி முன்னர் எழுதப்பட்ட விவரணமும் உடன் பிரதியாகின்றது. 1870களில் கண்டியில் படப்பிடிப்பு நிலையம் நடத்திய சார்ள்ஸ் ஸ்கோவன் முதலியோர் எடுத்த படங்கள் மேனாட்டு நூதனசாலைகளின் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளன. அக்காலப் படங்களில் ஆளுநர்களும் பிரதானிகளும் தத்தம் பெயர்களாற் சுட்டப்படுவது வழக்கம். தொழிலாளியோ 'தமிழ்ப் பெண்' எனவோ 'தமிழ்க் கூலி' எனவோ இனத்தாலும் தொழிலாலும் சுட்டப்படுவதே பெரும்பான்மை. படத்தை எடுத்தவரின் பெயரும் ஆண்டும் இடமும் பேணப்படுகின்றன. படத்தில் நிற்பவரின் பெயர் கேட்கப்படவில்லை. காகிதப் படமாக ஓர் இழுப்பறையில் கிடந்த காலத்தில் அத்தலைப்பைக் கண்டோர் மிகச் சிலரே. எண்ணிமத் தொகுப்பிலோ தலைப்பே வாயிலாகின்றது. சொல்லைக் கொடுத்துத் தேடினாலன்றிப் பொருளை அடைய இயலாது. எனவே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவரோ அலட்சியமாக இட்ட சொல், இன்று அப்படத்தைக் காண விரும்பும் ஒவ்வொருவரும் உச்சரித்தே தீரவேண்டிய சொல்லாக ஆகிவிடுகின்றது.

மொழியும் இவ்வாறே ஒரு வாயிலாகவோ தடையாகவோ அமையலாம். மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றுக்கு உரிமையாளர் இட்ட பெயர் ஒன்றும் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்றும் இருந்தன. பதிவேடுகளும் நிலப்படங்களும் முன்னையதையே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன. பாட்டியின் வாயிலிருந்து தோட்டத்தின் தமிழ்ப் பெயரை மட்டும் அறிந்த ஒருவர், அதனைத் தமிழிலே எழுதித் தேடுவாராயின், தம் முன்னோர் உழைத்த மலையின் படம் தொகுப்பில் இருந்தும் அதனைக் காணமாட்டார். பொருள் அங்கு இருக்கின்றது. அவருக்கு அது இல்லை. தொகுப்பு எல்லோருக்கும் திறந்திருக்கின்றது என்னும் கூற்று இவ்விடத்துப் பொருளிழந்துவிடுகின்றது.

பதிவில் இல்லாதிருத்தல் ஆய்வாளர்க்கு மட்டும் நேரும் இழப்பென்று கருதுவோர் மலையக மக்களின் வரலாற்றை நினைவுகூர்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் வம்சாவழியாகப் பிரசாவுரிமை கோரிய ஒருவர், தம் தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தோட்டங்களில் நிகழ்ந்த பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படாத நிலையில், பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்தோருக்கும் அவ்வாறு நிறுவுதல் இயலாதிருந்தது. நாடற்றவராக்கப்பட்ட அம்மக்களைப் பங்கிட்டுக்கொள்ள 1964ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்து, எஞ்சிய 150,000 பேரின் விதியைப் பின்னர் தீர்மானிக்க விட்டுவைத்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஆளும் வர்க்கத்தின் அரசியல் நோக்கமே இக்கொடுமையின் காரணம். பதிவின்மை அந்நோக்கத்தின் கருவியாயிற்று. யார் பதியப்படுகின்றார், யாரால், எப்பெயரில் பதியப்படுகின்றார் என்னும் வினா, வாழ்வும் உரிமையும் தொடர்பான வினா என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

கண்டியைச் சூழ அமைந்த இரு நூதனசாலைகள் இப்பிரச்சினையின் அடுத்த படியைத் தெளிவுபடுத்த உதவும். ஹந்தானையில் 1925ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001ஆம் ஆண்டில் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களும் டெயிலரின் நினைவுப் பொருள்களும் அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. தொழிலின் வரலாற்றையும் தொழில்நுட்பத்தையும் அறிய அது பெரிதும் உதவுகின்றது. கம்பளைக்கு அண்மையில், சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை பழைய லயன் அறைகளில் இயங்குகின்றது. தொழிலாளர் புழங்கிய பொருள்களும் அவர்தம் வாழ்வு தொடர்பான ஆவணங்களும் அங்கு திரட்டப்பட்டுள்ளன. முன்னையது தொழிற்சாலையின் வாசலிலிருந்து தேயிலையை நோக்குகின்றது. பின்னையது லயத்தின் வாசலிலிருந்து அதனை நோக்குகின்றது. இரண்டும் ஒரே எண்ணிமத் தொகுப்பில் இணைக்கப்படுமாயின் பன்முக நோக்கு நிறைவேறிவிடும் எனச் சிலர் கூறலாம்.

இக்கூற்றில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நோக்குகள் பல என ஏற்போர் எல்லாவற்றையும் வெறும் நோக்குகளாக்கிவிடும் அபாயத்துக்கு உள்ளாகின்றனர். தோட்டம் என்பது ஒருவருக்கு முயற்சியின் சின்னம், மற்றொருவருக்குத் துயரத்தின் களம் என்று கூறும்போது இரு நோக்குகள் பேசுகின்றன. ஆயின் துண்டு முறையின் கீழ் ஒரு தொழிலாளி தம் கடனைத் தீர்க்கும்வரை வேறு தோட்டத்துக்குச் செல்ல முடியாதிருந்தார் என்பது ஒரு நோக்கன்று, நடந்த செய்தி. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வந்தோரிற் பலர் நோயாலும் பசியாலும் வழியில் மாண்டனர் என்பதும் நடந்த செய்தியே. இதனை 'தொழிலாளர் தரப்பு' என்று ஒரு புறத்தில் வைத்து, 'நிருவாகத் தரப்பு' என்று மறுபுறத்தில் இன்னொன்றை வைத்து, நடுவில் நின்று சமநிலை பேணுதல் நடுநிலை போன்று தோன்றும்; உண்மையில் அது மெய்ம்மையை விட்டுக்கொடுத்தலாகும்.

இதனினும் நுட்பமான அநீதி வகைப்படுத்தலில் நிகழ்கின்றது. துரையின் நாட்குறிப்பு 'வரலாறு' என்னும் பகுதியில் வைக்கப்படுகின்றது. தொழிலாளியின் பாட்டு 'நாட்டார் வழக்காறு' என்னும் பகுதியில் வைக்கப்படுகின்றது. முன்னையது சான்று, பின்னையது உணர்ச்சி வெளிப்பாடு என்னும் தீர்ப்பு, எவரும் வாதாடாமலே இவ்வாறு வழங்கப்பட்டுவிடுகின்றது. பாடல்களும் சாட்சியங்களே. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டில் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டியபோது, கங்காணியின் அதிகாரத்தையும் பெரட்டுக்களத்தின் விடியலையும் பிரிவின் துயரையும் அனுபவித்தோர் அவற்றைக் குறித்து வைத்த முறையையே காப்பாற்றினார். கோதண்டராம நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடல்கள், தோட்ட மக்களின் அக்கால அரசியல் நிலைமையை நேரடியாக விளக்க எழுந்தவை. இவற்றை வரலாற்றுப் பகுதியிலிருந்து விலக்கிவைக்கும் தொகுப்பு, எழுத்தறிவை உண்மையின் அளவுகோலாகக் கொள்கின்றது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு மக்களிடம் அவ்வளவுகோலைப் பயன்படுத்துதல் முதல் அநீதியின் பயனை இரண்டாம் முறையும் அறுவடை செய்வதாகும்.

இங்கு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. பாட்டும் நினைவும் பிழைபடக்கூடியன, திரட்டியவர் திருத்தியிருக்கலாம், பாடியவரின் பெயர் பல இடங்களில் இல்லை. இம்மறுப்பு முற்றிலும் நியாயமானது. ஆயின் அது ஒரு தரப்புக்கு மட்டும் உரியதாகாது. நாட்குறிப்பும் அறிக்கையும் தம் ஆசிரியரின் நலன்களைச் சுமந்தே எழுதப்பட்டன. ஐயம் இரண்டுக்கும் பொதுவாதல் வேண்டும், நம்பிக்கையும் அவ்வாறே. மேலும், தொழிலாளர் குரல் என்பதும் ஒன்றன்று. கங்காணியும் அவர் திரட்டிவந்த தொழிலாளியும் ஒரே ஊரவராயிருந்தும் ஒரே நிலையினரல்லர். லயத்துக்குள்ளும் சாதி வேற்றுமை நிலவிற்று. கொழுந்து பறித்தலில் பெரும்பங்கு பெண்களுடையதாயிருக்க, மேடையிலும் பேச்சுவார்த்தையிலும் அவர்கள் சார்பிற் பேசியோர் பெரும்பாலும் ஆண்களாயிருந்தனர். தொழிற்சங்கத் தலைவரின் பேச்சைப் பதிந்துவிட்டு மலையகத்தின் குரலைப் பதிந்துவிட்டதாகக் கருதும் தொகுப்பு, ஸ்கோவன் காலத்துத் தலைப்பிலிருந்து வெகுதூரம் சென்றுவிடவில்லை.

அவ்வாறாயின், இழிவான பழைய தலைப்பை என்செய்வது? நீக்கிவிடுதல் ஒரு விடை. ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் நூதனசாலை 2015ஆம் ஆண்டில், குடியேற்றவாதக் காலத்து இழிசொற்களைத் தன் தொகுப்பின் தலைப்புகளிலிருந்து மாற்றும் பணியைத் தொடங்கியது. கண்டிக்கும் அந்நூதனசாலைக்கும் தொடர்பொன்று உண்டு. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது கவர்ந்துசென்ற பீரங்கி அங்கேயே இருந்தது. 2023ஆம் ஆண்டில் வேறு ஐந்து பொருள்களுடன் அது இலங்கைக்குத் திருப்பியளிக்கப்பட்டது. ஒரு பீரங்கியைக் கப்பலேற்றித் திருப்பிக் கொடுக்கலாம். அதனைப் பெற்றுக்கொள்ள ஓர் அரசு இருக்கின்றது. கேட்கப்படாத ஒரு பெயரைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது. பெயரற்ற அப்பெண்ணின் படத்துக்கு மதிப்பான புதிய தலைப்பொன்றை இடுவது நல்லெண்ணத்தின் செயலேயாயினும், பழைய தலைப்பு அடியோடு அழிக்கப்படுமாயின் அவள் எவ்வாறு நோக்கப்பட்டாள் என்பதற்கான சான்றும் உடன் அழிந்துவிடும். குற்றத்தை மறைத்தவர்க்கும் குற்றத்தின் தடயத்தைக் கூசி மறைத்தவர்க்கும் இடையே, பின்வரும் தலைமுறைக்கு வேறுபாடு தெரியாது.

எனவே, பழைய சொல் பேணப்படவேண்டும்; அது பொருளின் பெயராக நிற்கவிடப்படலாகாது. இன்னார், இன்ன ஆண்டில், இன்ன நிலையிலிருந்து இவ்வாறு எழுதினார் என்று அச்சொல்லுக்கு உரியவரைச் சுட்டிவிட்டால், அது உலகின் தீர்ப்பாக இல்லாது ஒரு மனிதரின் கூற்றாக மாறுகின்றது. அதே விதி புதிய விவரணத்துக்கும் பொருந்துதல் வேண்டும். இன்றைய ஆய்வாளரும் ஓரிடத்தில் நின்றே நோக்குகின்றார். பேராதனையிலிருந்து எழுதப்படும் விவரணம் தானாகவே நடுநிலை பெற்றுவிடுவதில்லை. பெயரறியா இடத்தில் பெயர் அறியப்படவில்லை என வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். அதனை வெறுமையாக விடுதலும் இனப்பெயரால் நிரப்புதலும் ஒன்றேயாகும். எவ்விவரணமும் இறுதியானதன்று எனக் கொண்டு, சுட்டப்பட்டோரும் அவர் வழிவந்தோரும் தம் மொழியிலே மறுமொழி கூற இடமளித்தல் வேண்டும். அம்மறுமொழி ஒரு குறிப்புரையாக ஓரத்தில் ஒதுக்கப்படாது, பொருளின் விவரணத்திலேயே இடம்பெறுதல் வேண்டும்.

மறுமொழி கூறும் உரிமையோடு மறுக்கும் உரிமையும் எண்ணத்தக்கது. அவுஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் பகுதியில் வாழும் வருமுங்கு மக்களுக்காக 2007ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்ட முகூர்ட்டு என்னும் எண்ணிம ஆவணகம், எப்பொருளை யார் காணலாம் என்பதை அச்சமூகத்தின் வழக்கப்படி வகுத்துக்கொள்ள வழிசெய்தது. எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுதலே நன்மை என்னும் எண்ணத்தை அது மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றது. தம் லயத்தின் வறுமை உலகின் பார்வைக்கு வைக்கப்படுவதை ஒரு குடும்பம் விரும்பாதிருக்கலாம். தம் தாயின் வாய்மொழியைப் பதிந்துகொள்ள உடன்பட்ட மகன், அது எங்கும் எவராலும் கேட்கப்படுவதற்கு உடன்பட்டவராகார். தாமே பேசுதல், பேசாதிருத்தல், பேசியதை மீளப்பெறுதல் ஆகிய மூன்றும் கூடியே ஒருவருக்குக் குரல் இருக்கின்றது என்பதன் பொருளை நிறைவுசெய்கின்றன. குரலைத் திரட்டுவோர் முதலாவதை மட்டும் வழங்கிவிட்டு எஞ்சிய இரண்டையும் தம்மிடம் வைத்துக்கொள்வாராயின், அம்மக்கள் மீண்டும் பிறருடைய பதிவேட்டின் பொருள்களாகவே ஆகிவிடுவர்.

இவ்வளவையும் தொகுப்போரின் தலையில் சுமத்துதல் நடைமுறைக்கு ஒவ்வாதது எனச் சிலர் கருதலாம். ஆள்வலுவும் பணமும் அற்ற நிலையில் தன்னார்வலர்கள் ஆற்றும் பணியில் இத்துணை நுட்பம் எதிர்பார்க்கப்படுமாயின், பணியே நின்றுவிடும் என்பது அவர்தம் அச்சம். கறையான் காத்திருப்பதில்லை என்பது மெய்யே. முதலில் காப்போம், பின்னர் விவரிப்போம் என்னும் முறையை இந்நிலையில் ஏற்கலாம். ஆயின் அந்தப் 'பின்னர்' ஒருபோதும் வராதென்பதையே பழைய தொகுப்புகளின் வரலாறு காட்டுகின்றது. குறைந்த அளவு, விவரணம் இன்னும் செய்யப்படவில்லை என்னும் உண்மையையேனும் தொகுப்பு தன் பக்கத்திலே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அதற்குப் பணம் வேண்டியதில்லை. மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து பல்கலைக்கழகங்களிற் பயிலும் மாணவர்களும் இன்று உளர். தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும், செக்றோல் புத்தகங்களில் திரிபுற்று எழுதப்பட்ட பெயர்களின் மெய்யுருவையும் தம் வீட்டு முதியோரிடம் கேட்டறியக்கூடிய கடைசித் தலைமுறையினர் அவர்களாக இருத்தல் கூடும்.

2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் வருகை இருநூறு ஆண்டுகளை நிறைவுசெய்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து வந்தனர். அவர்தம் முன்னோர் நடந்த வழியில் மாண்டோரின் பெயர் தாங்கிய கல்லறைகள் இல்லை. கல்லறையில்லாத இடத்தில், ஆவணமில்லாத நிலையில், அவர்கள் அவ்வழியை மீண்டும் நடந்ததன் மூலம் ஒரு பதிவை உண்டாக்கினர். நாளை அந்நடையின் படங்களும் தொகுப்புகளில் இடம்பெறும். அப்படங்களில் நிற்போர் ஒவ்வொருவரிடமும் இன்று பெயர் கேட்கலாம். எப்பெயரால் அழைக்கப்பட விரும்புகின்றனர் என்றும் கேட்கலாம். டெயிலரைச் சுமந்து மஹய்யாவ வரை நடந்தோரிடம் எவரும் கேளாத வினா அது. அதனைக் கேட்டுப் பதிந்த பின்னரே ஒரு தொகுப்பு பன்முக நோக்குடையதென உரிமை கோருதல் தகும்.